நிலைக்கு மேலே மாட்டிய படம்

ஜனவரி 9

என் செல்லச் சின்னவளுக்குப் பாட்டி எழுதுவது.

முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் கப்பலில் இரண்டாவது என்ஜினியர் ஆகிவிட்டான். தோளில் ஒரு பட்டை கூடியிருக்கிறதாம். அந்தப் பட்டையை மட்டும் தனியாகப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான், முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. நடுவிலவள் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுவதற்கும் பொறுப்பு. டாக்டர்களே இவளைக் கேட்டுத்தான் உள்ளே வருவார்களாம், அவள் சொல்வதில் பாதியைக் கழித்தாலும் பெருமைதான். உன் சித்தப்பா மகன், அந்தச் சோம்பேறி, அவன்கூட வங்கிப் பரீட்சையில் தேறிவிட்டான். தன் நம்பரைத் தானே நம்பாமல் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

இத்தனை பேருக்கும் மேலே நீ. மற்றவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். உன்னைப் பார்த்துத்தான் ஊனமுள்ள பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள் என்று பத்திரிகைக்காரனே எழுதினான். அந்தக் காகிதத்தை மடிக்காமல் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். உன் பள்ளிக்கூடத்துப் போஸ்டரும் அங்கேதான். "இவளால் முடிந்தது, உன்னாலும் முடியும்." புடவை எடுக்கும்போதெல்லாம் ஒரு தடவை வாசித்துக்கொள்வேன். விருது வாங்கிய படம் மட்டும் கூடத்தில், நிலைக்கு மேலே. வருகிறவர் எவரும் அண்ணாந்து பார்க்காமல் உள்ளே வர முடியாது.

ஒரு சேதி. தெரு மூலையில் புதிதாக ஒரு தையற்காரி குடிவந்திருக்கிறாள். புருஷன் எங்கேயோ. நாலு வயசில் ஒரு பெண் பிள்ளை. அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. உன்னையே அச்சில் வார்த்து எடுத்த மாதிரி. அதே வெள்ளை முடி, அதே வெள்ளை இமை, வெளிச்சத்தில் அதே கண் சுருக்கல். ரவிக்கை அளவு கொடுக்கப் போனபோது உன் கதையைச் சொன்னேன். மறுநாளே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். நிலைக்கு மேலே இருக்கும் படத்தைப் பார்த்தபடி நின்றாள், நின்றாள், அப்படி நின்றாள். "இது உங்க பேத்தியா?" என்றாள். "பின்னே, பக்கத்து வீட்டுப் பேத்தியையா மாட்டி வைப்பேன்?" என்றேன். அப்புறம் முடியைப் பற்றி ஏதோ கேட்டாள். நான் காபி கலக்க எழுந்து போய்விட்டேன்.

என் காது முன்னைவிட மோசம். டெலிபோன் வைக்கலாமா என்று சித்தப்பா கேட்டான். மணி அடிப்பதும் கேட்காது, நீ பேசுவதும் கேட்காது, பில் மட்டும் ஒழுங்காக வரும், வேண்டாம் என்றுவிட்டேன். நமக்குக் கடிதம்தான் சரி. உன் கண்ணுக்காகத் தடித்த பேனாவில், கோடு விட்டுக் கோடு எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் கையெழுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

படம் அனுப்பி மூன்று வருஷம் ஆகிறது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

உன்னை வளர்த்தவள்,
பாட்டி


பிப்ரவரி 2

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்க நான் பூதக்கண்ணாடியைத் தேடவே இல்லை. அவ்வளவு பெரிய எழுத்து. எதிர்வீட்டு மாடியில் இருப்பவர்களும் படித்திருப்பார்கள், சித்தப்பா மகன் தேறியது இப்போது இந்தத் தெருவுக்கே தெரியும்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். கண் தெரியாத பிள்ளைகளையும் அரைகுறையாகத் தெரிகிற பிள்ளைகளையும் தெருவில் நடக்கப் பழக்குவது. வெள்ளைக்கோலை எவ்வளவு அகலத்துக்கு வீச வேண்டும், வண்டிச் சத்தம் எந்தப் பக்கம் தேய்கிறது என்று ஓரத்தில் நின்று எப்படிக் கேட்க வேண்டும், கழுத்தில் தொங்கும் குட்டித் தூரக்கண்ணாடியால் பஸ் கிளம்புவதற்குள் நம்பரை எப்படிப் பிடிக்க வேண்டும். நம்பரைப் பிடிப்பதற்குள் என்னை விட்டுவிட்டுப் போன பஸ்கள் அதிகம். அதையும் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டு மாதமாக என்னை உள்ளே உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். மூக்கோரத்தில் ஒரு புண். ஆற மாட்டேன் என்கிறது. கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால்தான் படம் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் ஒரு கூட்டம். கட்டோடு என்னை மேடையில் நிறுத்தினார்கள். "இவர் பிறவியிலேயே நிறம் இல்லாமல், பார்வை குறைந்து பிறந்தவர். இன்று பாருங்கள்" என்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒரு அப்பா தன் பிள்ளையின் மோவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "பாரு, பாரு" என்றார். அந்தப் பிள்ளைக்குக் கண்ணே தெரியாது பாட்டி. அது என் வகுப்புதான், எனக்குத் தெரியும். கைதட்டல் முடிகிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பெரிய விஷயம் இல்லை. சில நாள் அப்படி.

தையற்காரி முடியைப் பற்றி என்ன கேட்டாள்? அதை நீங்கள் எழுதவில்லை. அந்தக் குட்டிக்குத் தொப்பி இருக்கிறதா? முழுக்கைச் சட்டை தைக்கச் சொல்லுங்கள், அம்மாவே தையற்காரி என்றால் செலவில்லை.

அன்புடன்,
உங்கள் சின்னவள்


மார்ச் 1

என் சின்னவளுக்குப் பாட்டி ஆசையோடு எழுதுவது.

புண் என்று எழுதிவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதாமல் விட்டால் எப்படி? நடுவிலவளிடம் கேட்டேன். "டாக்டர் பாத்துட்டுதானே இருப்பாங்க, சும்மா இருங்க பாட்டி" என்று எழுதிவிட்டாள். டாக்டர்கள் இவளைக் கேட்டுத்தான் உள்ளே வருவார்கள், ஆனால் என் கேள்விக்கு மட்டும் சும்மா இரு.

முடியைப் பற்றி நீ கேட்டாய். சொல்கிறேன், கத்தாதே. எனக்குக் கேட்கவும் கேட்காது.

நீ அனுப்பிய விருதுப் படத்தை நம் ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தேன், பெரிதாக்கித் தரச் சொல்லி. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "முடிக்குக் கொஞ்சம் கறுப்பு, புருவத்துக்கு ஒரு கோடு, முகத்துக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தா ராஜாத்தி மாதிரி இருக்கும்மா" என்றார். கொடுங்கள் என்றேன். மெல்லிய பிரஷால் வரைந்து, அதைத் திரும்பப் படமெடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார். நீதான், ஆனால் கறுத்த முடி.

உனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். போன தடவை வந்தபோது அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதானே சாப்பிட்டாய். "படம் நல்லா இருக்கா?" என்று கேட்டேன், "நல்லா இருக்கு பாட்டி" என்றாய். அந்த உயரம் உன் கண்ணுக்கு எட்டாது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

ஏன் செய்தீர்கள் என்று கேட்பாய். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் உன் முடியைத்தான் பார்த்தார்கள். "ஐயோ பாவம், இந்தப் பிள்ளையா விருது வாங்கிச்சு?" என்றார்கள். அந்த ஐயோ பாவத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் என் காதே அடைத்துப் போனது. படம் கறுத்த பிறகு ஒருத்தர்கூட அப்படிச் சொன்னதில்லை. "எவ்வளவு லட்சணம்" என்றார்கள்.

தையற்காரி கேட்டது இதுதான்: "எந்த வயசுல முடி கறுத்துச்சு?" நான் காபி கலக்க எழுந்து போனது அப்போதுதான். அப்புறம் ஒருநாள், "சின்னதுல வெயில்ல விளையாடினாங்களா?" என்று கேட்டாள். பிடித்து வைக்க முடியாது என்றேன். அது உண்மைதானே. ராத்திரி தோள் எரிகிறது என்று நீ அழுததும், ஈரத்துணி போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததும் உண்மைதான். அதை அவள் கேட்கவில்லை.

இப்போது மத்தியானமானால் அந்தப் பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து மொட்டைமாடியில் உட்கார வைக்கிறாள். என் சமையலறை ஜன்னலில் நின்றால் தெரியும். கன்னமெல்லாம் சிவந்து கிடக்கிறது. நிறம் ஏறுகிறது என்று அவளுக்குச் சந்தோஷம். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லப் போனால் படத்தைச் சொல்ல வேண்டிவரும். தெருவுக்கெல்லாம் தெரிந்துவிடும். நீயே யோசித்து ஒரு வழி எழுது. நீ படித்தவள்.

புதுப் படம் மறக்காதே. கட்டை எடுத்த பிறகு அனுப்பு.

பாட்டி


மார்ச் 14

பாட்டி,

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு மூலை வீட்டுக்குப் போங்கள். சித்தப்பா வரட்டும், சாயங்காலம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதுகிறேன். இதற்குப் பெயர் அல்பினிசம். பிறவியிலேயே உடம்பில் நிறம் உண்டாவதில்லை. வயசானால் கறுக்காது. வெயிலில் வைத்தால் கறுக்காது, வேகும். சும்மா சொல்லவில்லை, அடுப்பில் வைத்ததுபோல வேகும். இன்றைக்குச் சிவப்பதோடு முடிந்துபோகாது. அது தோலுக்கு அடியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்து, பின்னால் ஒருநாள் எழுந்து வரும்.

தையற்காரிக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன். கையிலேயே கொடுங்கள். அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உரக்க.

படத்தைப் பற்றி இப்போது எதுவும் எழுதவில்லை. எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் வீட்டில் எனக்குப் பிடித்த இடம் அந்தப் படத்தின் கீழேதான், பாட்டி. மேலே என் முகம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போய்விட்டு வந்து எழுதுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 3

என் கண்ணுக்குப் பாட்டி எழுதுவது.

போனேன். நீ எழுதியபடி செருப்பைப் போட்டுக்கொண்டு அப்படியே போனேன். அடுப்பில் பால் இருந்தது, அது பொங்கி அடுப்பை அணைத்ததைக்கூட வந்துதான் பார்த்தேன்.

அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. பிள்ளை அந்தக் குவியலுக்குள் புதைந்து, நூல் சுற்றிய கட்டையை உருட்டிக்கொண்டிருந்தது. மூக்கு உரிந்து, காது மடல் தடித்து, உதட்டில் கொப்புளம். என்னைப் பார்த்ததும், முகத்துக்கு இவ்வளவு கிட்டே வந்து பார்த்துவிட்டு, "படப்பாட்டி" என்றது. எனக்கு அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூடியோக்காரர், பிரஷ், கறுப்பு, எல்லாம். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை. கடைசியில் நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்ன பாட்டிம்மா, திடீர்னு இப்படிச் சொல்றீங்க?"

"திடீர்னு இல்லம்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"நான் உங்ககிட்ட ஏதாவது தப்பா நடந்துக்கிட்டேனா? ரவிக்கை இறுக்கிப் பிடிச்சுதுன்னு கோபமா?"

"ரவிக்கை நல்லாத்தான் இருக்கு. நீ பிள்ளைய வெயில்லேர்ந்து எடு."

"உங்க பேத்திக்கு மாறலாம், எம்பிள்ளைக்கு மாறக் கூடாதா?"

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். உரக்க. எனக்குக் கேட்கிற அளவுக்கு என்றால் தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எழுதறதை யார் வேணும்னாலும் எழுதலாம்" என்றாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்து, சித்தப்பாவை ஸ்டூல் போட்டுப் படத்தை இறக்கச் சொன்னேன். சட்டத்தைக் கழற்றி, ஈரத்துணியால் உன் முடியைத் தேய்த்துக் காட்டினேன். ஒரு பொட்டுக் கறுப்பு வரவில்லை. அப்படி நேர்த்தியாகச் செய்திருக்கிறார் பாவி. அவரிடம் பழைய படத்தைக் கேட்கலாம் என்றால் கடையைக் காலி செய்துவிட்டு மகனோடு போய்விட்டார். சித்தப்பாவும் சத்தியம் செய்து சொன்னான். "வீட்டோட சேர்ந்து ஒரே பாட்டப் பாடுறீங்க" என்றாள்.

அப்புறம் பீரோவைத் திறந்து போஸ்டரைக் காட்டினேன். இதோ பார், வெள்ளை முடி, என் பேத்தி, கையெடுத்துக் கும்பிடுகிறேன் பார் என்றேன். அதைத் தடவிப் பார்த்தாள். "இது எப்ப எடுத்தது?" என்றாள். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல" என்றேன். "செவத்துல இருக்கறது?" "அதுக்கு அப்புறம்." சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று புரிந்தது.

"பாத்தீங்களா. இது அப்போ. அது இப்போ" என்றாள். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கொப்புளத்துக்கு டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். களிம்பு கொடுத்து, வெயில் வேண்டாம் என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார். இவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "பழைய தோல் உரிஞ்சாதானே புதுத் தோல் வரும்?"

வாசல் வரை போனவள் திரும்பி வந்து ஒன்று சொன்னாள். "பாட்டிம்மா, நீங்க சொல்றது நிஜம்னா அவங்களோட இப்ப எடுத்த படத்தைக் காட்டுங்க. வெள்ளை முடியோட இந்த வருஷம் எடுத்த படம். கண்ணால பாத்தா நான் இன்னிக்கே பிள்ளைய உள்ள வெச்சுக்கறேன்."

இத்தனை நாள் என் பெருமைக்குக் கேட்டேன். இப்போது அந்தப் பிள்ளைக்குக் கேட்கிறேன். உடனே ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு.

பாட்டி


மே 5

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை இத்தனை நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். பதில் எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன்.

என்னால் படம் அனுப்ப முடியாது.

புண் என்று எழுதினேன் அல்லவா, அது தோல் புற்று. ஜனவரிக்கு முன்பே தெரியும். மார்ச் கடைசியில் வெட்டி எடுத்தார்கள். மூக்கின் வலது பக்கம் இல்லை, பாட்டி. மேலுதட்டின் ஒரு ஓரமும் அதோடு போய்விட்டது. நெற்றியிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள், அது ஒட்டிப் பிடிக்கவில்லை. இப்போது காதுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் கதிர்வீச்சு வைத்தியம் செய்கிறார்கள். அதனால் உங்களை வந்து பார்க்கவும் வழியில்லை. நடுவிலவளுக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சத்தியம் வாங்கினேன், அவளைத் திட்டாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மிகவும் நல்லவர்கள். மேலாளர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "போஸ்டருக்குப் பழைய படமே இருக்கட்டும்மா, பிள்ளைங்க பயந்துடக் கூடாது இல்லையா" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. புதிதாக அச்சடித்து வந்திருக்கிறது. நான் கோல்களுக்கு ரப்பர் நுனி மாட்டுகிற பின்னறையிலும் ஒன்று ஒட்டியிருக்கிறார்கள். இவளால் முடிந்தது. தினமும் அவள் முன்னால் உட்கார்ந்து ரப்பர் மாட்டுகிறேன்.

என் வகுப்பில் என்னைப் போலவே ஒரு பெண் இருக்கிறாள், பன்னிரண்டு வயசு. தொப்பி போட மாட்டாள், கேலி செய்கிறார்கள் என்று. நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காதவள். அறுவைக்குப் பிறகு பின்னறைக்கு வந்தாள். முகத்தருகே முகம் கொண்டுவந்து பார்த்தாள், நாங்கள் எல்லோரும் அப்படித்தானே பார்ப்போம். "அக்கா, எனக்கும் இப்படி ஆகுமா?" என்றாள். நீங்கள் காபி கலக்கப் போன மாதிரி நானும் ஒரு கோலைத் தேட எழுந்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. நடக்கப் பழகி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் சொன்னாளாம்.

நான் வழிகாட்டினேன், பாட்டி. வழி எங்கே போய் முடிகிறது என்பதையும் காட்டிவிட்டேன்.

அந்தத் தையற்காரிக்கு என் படம் எதைச் சொல்லும்? முடி வெள்ளைதான் என்று சொல்லும். அதற்கு மேலே பார்த்தால்? அந்த அம்மா பிள்ளையை உள்ளே வைத்துக்கொள்வாள் என்கிறீர்கள். அப்புறம் தினமும் ராத்திரி அந்தப் பிள்ளை முகத்தில் என் முகத்தைத் தேடுவாள். அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது இதுதான் என்றால், வேண்டாம். டாக்டரைக் கூட்டிப்போங்கள், சித்தப்பாவைச் சண்டை போடச் சொல்லுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், எதையாவது செய்யுங்கள். என் முகத்தைக் கேட்காதீர்கள்.

எனக்கும் உங்கள் சுவரில் இருப்பவளைப் பிடித்துவிட்டது. அவளையே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

சின்னவள்


மே 20

என் தங்கமே,

படித்தேன். மூக்கு போனால் போகட்டும் என்று எழுத எடுத்தேன், என்னால் எழுத முடியவில்லை. நீ பிறந்தபோது உன் அம்மா உன் மூக்கைப் பிடித்துப் பிடித்து நீவிவிடுவாள். அவள் போன பிறகு நான் நீவினேன். அழுதேன். சித்தப்பா வந்து யார் செத்தது என்று கேட்டான்.

நடுவிலவளைத் திட்டவில்லை. உன்னையும் திட்டவில்லை. வீட்டில் ஒருத்தி காட்டாமல் மறைத்தால் இன்னொருத்தியும் மறைக்கத்தான் செய்வாள். நான் உன் முடியை மறைத்தேன், நீ மூக்கை மறைத்தாய்.

இனி உன்னைத் தொந்தரவு செய்யவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிட முடிகிறதா? ஒரு வரி எழுது.

பாட்டி


ஜூலை 11

என் சின்னவளுக்குப் பாட்டி எழுதுவது.

உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. நடுவிலவள் லீவு போட்டு அங்கே வந்து பார்த்துவிட்டு, நீ கதவைத் திறந்தாய், பேசவில்லை என்று எழுதியிருக்கிறாள். திறந்தாயே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவன் அடுத்த மாதம் கரைக்கு வருகிறான். சோம்பேறிக்கு வேலை கிடைத்துவிட்டது. இதையெல்லாம் எழுதினால் முன்பு கை தானாக ஓடும். இப்போது ஓடவில்லை.

தொந்தரவு செய்ய மாட்டேன் என்று எழுதியவள்தான் திரும்ப எழுதுகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்னபடி டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்தேன். அவர் ஏதேதோ எடுத்துச் சொன்னார், அவள் தலையாட்டினாள், மறுநாள் பிள்ளை மாடியில். சித்தப்பா போய்ச் சத்தம் போட்டான். "எம்பிள்ளைக்கு நல்லது நடக்கறது உங்களுக்குப் பொறுக்கல" என்று கதவைச் சாத்திவிட்டாள். கெட்டவள் இல்லை அவள். ராத்திரியெல்லாம் அந்தப் பிள்ளைக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் உனக்கு உட்கார்ந்திருந்த மாதிரியேதான். பகலில் திரும்பவும் கொண்டுபோய் வைக்கிறாள்.

போன மாதம் அந்தப் படத்தை இறக்கிக் கொளுத்திவிடலாம் என்று கொல்லைப்பக்கம் கொண்டுபோனேன். எப்படித்தான் பார்த்தாளோ, ஓடிவந்தாள். "எரிக்கப் போறதை எனக்குக் குடுங்க" என்றாள். தர மாட்டேன் என்றேன். என் கையில் என்ன வலு இருக்கிறது? இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இப்போது அது அவள் மெஷினுக்கு எதிரே, பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்வாக மாட்டியிருக்கிறது. பிள்ளை தினமும் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறதாம். "நானும் இந்த அக்கா மாதிரி ஆயிடுவேன்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறதாம். நீ வழிகாட்டி என்று எல்லோரும் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். இப்போது அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டால் காது இன்னும் கொஞ்சம் சீக்கிரம் அடைக்கக் கூடாதா என்றிருக்கிறது.

இன்றைக்கு மத்தியானம் ஜன்னலில் நின்றேன். பிள்ளை மாடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. அழவில்லை. பழகிவிட்டது. மூக்கின் மேல் ஒரு புண் இருக்கிறது. ஆறவில்லை என்று பால்காரர் சொன்னார்.

உன் முகத்தைப் பார்த்தால் அந்த அம்மா உடைந்துபோவாள், அது எனக்குத் தெரியும். உடையட்டும். உனக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன், என்னை வெறுத்தாலும் வெறுத்துக்கொள். உன்னிடம் கேட்பதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் கேட்க வேறு ஆளும் இல்லை.

எனக்கு அந்தப் படம் வேண்டாம், மாட்டி வைக்கவும் மாட்டேன். அவளிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். இல்லை, பொய் சொல்வானேன், ஒருநாள் என்னிடம் வைத்திருப்பேன். நீ இப்போது எப்படி இருக்கிறாய் என்று எனக்கும் பார்க்க வேண்டும்.

கட்டு வேண்டாம், தொப்பி வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கம் வெளிச்சத்தில் விழுகிற மாதிரி நில். எதிலும் கை வைக்க வேண்டாம் என்று ஸ்டூடியோவில் கண்டிப்பாகச் சொல்லிவிடு. ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு.

உன் பாட்டி